துண்டும் பற்றுச்சீட்டும்



பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மலைகளின் இடையே லுணுகலை என்னும் சிறுநகரம் அமைந்திருக்கின்றது. ஹொப்டன், அடாவத்தை முதலிய தோட்டங்களில் வாழும் மக்களுக்கு அதுவே கடைத்தெரு, அதுவே வங்கி, அதுவே அடகுக்கடை. மாதந்தோறும் பத்தாந் தேதியை அண்டித் தோட்டங்களில் சம்பளம் போடப்படும். அன்று அந்தக் கடைத்தெரு களைகட்டும். பலசரக்குக் கடைகள் சிலவற்றிலே, “கடன் அன்பை முறிக்கும்” என்ற பலகை சுவரில் தொங்கும். அந்தப் பலகைக்கு நேர் கீழே, மேசை இழுப்பறைக்குள், கடன் கொப்பி இருக்கும்! பலகையை நம்பி எவரும் கடன் கேளாதிருப்பதில்லை, கடைக்காரரும் கொடாதிருப்பதில்லை.

கடன் வாங்குவது தவறு என்று சொல்லிவிடுதல் எளிது. அவ்வாறு சொல்பவர்கள் தோட்டத்து வரவுசெலவை அறியாதவர்கள். 2021ஆம் ஆண்டில் ஒரு நாட் சம்பளம் 1,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாயிற்று. ஆயினும் மாதம் முழுவதும் வேலை கிடைத்தால்தான் அத்தொகை கைக்கு வரும். கொழுந்து குறைந்தால் அரைப்பெயர். மழை பெய்தால் அதுவும் இல்லை. இடையிலே ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், ஒரு பெண்ணுக்குச் சடங்கு, ஊரிலே ஒரு சாவு. இவற்றுக்கெல்லாம் பத்தாந் தேதி வரை காத்திருக்கச் சொல்ல இயலுமா? ஆகவே, கடன் வாங்கலாமா கூடாதா என்பது இங்கே பேச்சன்று. வாங்கிய கடனைக் கேட்டு ஒருவர் லயத்து வாசலில் வந்து நிற்கும்போது, கடன்பட்டவர் தம்மைக் காத்துக்கொள்வது எவ்வாறு, கடனை அடைக்கும்போது அது உண்மையிலேயே அடைபடுமாறு செய்வது எவ்வாறு என்பதே பேச்சு.

இந்தக் கேள்விக்கு விடை தேடுமுன் மலைநாட்டின் பழைய கதையொன்றை நினைவுபடுத்திக்கொள்ளுதல் நலம். இன்றைய முதியவர்களின் பாட்டன்மார் காலத்திலே “துண்டு” என்று ஒன்று இருந்தது. தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து ஆட்களைத் திரட்டி வருவதற்காகத் தோட்டத்துரை கங்காணிக்கு முன்பணம் கொடுப்பார். வழிச்செலவு, சோறு, துணி, கம்பளி என்று கங்காணி செலவிட்டவை யாவும், செலவிடாதவை சிலவும், தொழிலாளியின் பெயரில் பற்றெழுதப்படும். அந்தக் கணக்கைத் தொழிலாளி பார்த்ததில்லை. பார்த்திருந்தாலும் படிக்கத் தெரியாது. தோட்டம் மாற விரும்பினால், “இன்ன கங்காணியின் ஆட்கள் இத்தனை ரூபா கடன்பட்டிருக்கிறார்கள், அதைச் செலுத்தினால் விடுவிக்கத் தயார்” என்று துரை ஒரு சீட்டு எழுதித் தருவார். அதுவே துண்டு. அதை எடுத்துக்கொண்டு கங்காணி வேறு தோட்டம் தேடுவான். புதிய துரை பழைய கடனைச் செலுத்துவார். கங்காணிக்குப் புதிதாய் முன்பணமும் கொடுப்பார். ஆட்கள் மூட்டை முடிச்சுகளோடு இடம் மாறுவர். அவர்களுடைய கையில் ஒரு சதமும் புரளாமலே அவர்களுடைய கடன் வளர்ந்திருக்கும்.

சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போய்விடலாமே என்றால், 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் குறுக்கே நின்றது. முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டவரைச் சிறையிலிட அது இடங்கொடுத்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் 1919இல் பெரி சுந்தரம் முதலியோரோடு சேர்ந்து இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கத்தை அமைத்து, இந்தக் கொடுமைக்கு எதிராகக் குரல் எழுப்பினார். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

துண்டு முறையில் மிகக் கொடியது எது? வட்டியா? சிறையா? இரண்டுங்கூட அன்று. கடன்பட்டவன் ஒருவன், அந்தக் கடனின் எழுத்தை வைத்திருந்தவன் வேறொருவன். அதுதான் அந்த முறையின் உயிர்நாடி. எவ்வளவு கடன் என்பதைச் சொல்லும் அதிகாரம் முழுவதும் கணக்கு வைத்திருந்தவனிடமே இருந்தது. துண்டு ஒழிந்து நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆனால் எழுத்து இன்னும் எதிர்த் தரப்பிலேயே இருப்பது ஒழிந்ததா?

லுணுகலைச் சுற்றுப்புறத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். அயல் லயத்துப் பெண்கள் நால்வரோடு குழுவாகச் சேர்ந்து, ஒரு கம்பனியில் 50,000 ரூபா கடன் எடுத்தாள். கிழமைக்கு 1,250 ரூபா வீதம் 50 கிழமை கட்ட வேண்டும். மொத்தம் 62,500 ரூபா. “வட்டி இருபத்தைந்து வீதந்தான் அக்கா” என்று கம்பனிக்காரர் சொன்னார். கேட்பதற்கு அது நியாயமாகவே தோன்றும். ஆனால் முதற் கிழமையிலிருந்தே முதலைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்குகிறாள் அல்லவா? ஐம்பதாயிரம் முழுவதும் அவள் கையில் ஆண்டு முழுவதும் இருக்கவில்லை. சராசரியாகப் பார்த்தால் அதிற் பாதியளவே இருந்தது. அந்தப் பாதிக்குத்தான் 12,500 ரூபா வட்டி. எனவே உண்மை வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 47 வீதம். பத்திரச் செலவு, காப்புறுதி என்று முதலிலேயே எதையேனும் கழித்துக்கொண்டால் அது இன்னும் ஏறும். தனியார் வட்டிக்காரரிடம் நூற்றுக்கு மாதம் பத்து ரூபா என்று வாங்கினாலோ, அது ஆண்டுக்கு 120 வீதம். “பத்து” என்ற சொல் சிறிதாக இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஒரு கடனைக் கட்ட இன்னொரு கம்பனியில் கடன். அதைக் கட்ட மூன்றாவது. இந்த நிலை தோட்டப்புறத்திற்கு மட்டும் உரியதன்று. வடக்கிலும் கிழக்கிலும் வடமத்திய மாகாணத்திலும் ஆயிரக்கணக்கான பெண்கள் இதில் அகப்பட்டனர். 2018இல் அரசாங்கம், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், தவணை தவறிய பெண்களின் ஓரிலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களை இரத்துச் செய்ய முன்வந்தது. ஆண்டுக்கு 35 வீதம் என்று நுண்கடன் வட்டிக்கு ஒரு மேலெல்லையும் அவ்வாண்டில் வகுக்கப்பட்டது. 2021இல் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் பெண்கள் வீதியோரத்தில் பல நாட்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். கடன் சுமை எவ்வளவு அழுத்தினால் வீட்டுப் பெண்கள் தெருவில் வந்து அமர்வார்கள் என்பதை நேயர்கள் உணர்ந்துகொள்ளலாம்.

இனி வாசலில் நிற்பவரைப் பார்ப்போம். பெரும்பாலும் அவர் இளைஞர். மோட்டார் சைக்கிளில் வருபவர். கழுத்திலே அட்டை தொங்கும். அவரும் ஒரு சம்பளக்காரரே. மாத முடிவில் இத்தனை இலட்சம் அறவிட்டாக வேண்டும் என்று அவருக்கும் மேலிருந்து நெருக்குதல் உண்டு. அவரைப் பகைவராகக் கருதி வைவதால் பயனில்லை. அவரைக் கண்டு கதவைச் சாத்திக்கொண்டு பின்புறமாகத் தேயிலைக்குள் ஓடுவதாலும் பயனில்லை. ஓடி ஒளிந்தவர் கட்டிய தவணைகளையும் கட்டவில்லை என்று சொல்லுதல் பிறருக்கு எளிதாகிவிடும்.

“இன்றைக்குக் கட்டாமல் நான் போக மாட்டேன் அக்கா” என்று அவர் திண்ணையில் அமர்ந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் அவருடைய அட்டையைப் பார்த்துப் பெயரையும் கம்பனியின் பெயரையும் குறித்துக்கொள்ள வேண்டும். குறிப்பதற்கு அஞ்ச வேண்டியதில்லை. “தம்பி, என் கணக்கு முழுவதையும் எழுதிக் கொண்டு வாருங்கள். எவ்வளவு வாங்கினேன், எவ்வளவு கட்டினேன், பாக்கி எவ்வளவு, அதில் முதல் எது, வட்டி எது, தண்டம் எது என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்” என்று அமைதியாகச் சொல்லலாம். பள்ளியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அருகே நிறுத்தி வைத்துக்கொள்வது நல்லது. பிள்ளையின் முன்னால் அம்மாவைக் கேவலப்படுத்துவதுதானே வழக்கம் என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால் எழுதத் தெரிந்த பிள்ளை கையில் பேனையோடு நிற்கும்போது பேச்சின் தோரணை பெரும்பாலும் மாறிவிடும்.

கடன் கேட்பவருக்கு எவ்வளவு உரிமை உண்டு என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ளுதல் வேண்டும். கேட்கலாம், கடிதம் அனுப்பலாம், வழக்குத் தொடரலாம். வீட்டிற்குள் நுழைந்து தொலைக்காட்சிப் பெட்டியையோ தையல் இயந்திரத்தையோ தூக்கிச் செல்ல அவருக்கு உரிமையில்லை. பொருளைக் கைப்பற்றுவது நீதிமன்றத்தின் கட்டளையோடு வரும் பிஸ்கால் அதிகாரியின் வேலை. அவருங்கூட உடுத்தும் துணியையும் படுக்கையையும் தொழிற் கருவிகளையும் தொடக்கூடாது என்று குடியியல் நடைமுறைச் சட்டம் விலக்கு அளித்திருக்கின்றது. தவணைக் கம்பனியின் பெயரில் பதிவாகியிருக்கும் முச்சக்கர வண்டியின் கதை வேறு. அது தீர்ந்து முடியும் வரை சட்டப்படி கம்பனியின் உடைமை. ஊழியர் சேமலாப நிதியைப் பறித்துவிடுவோம் என்று பயமுறுத்துபவர்களும் உண்டு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி அந்தப் பணத்தை வெளிக்கடனுக்காகக் கைப்பற்ற இயலாது.

“பொலிசில் பிடித்துக் கொடுப்பேன்” என்பது மற்றொரு பயமுறுத்தல். வாங்கிய கடனைக் கட்ட முடியாமற் போவது தன்னளவில் குற்றமன்று. அது குடியியல் விவகாரம். வங்கிக் கணக்கிற் பணமில்லை என்று தெரிந்தே காசோலை எழுதிக் கொடுப்பது மட்டும் குற்றமாகலாம். ஆகவே, கடனுக்கு ஈடாகக் காசோலைத் தாள் கேட்பவரிடம் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். இதற்கு மாறாக, அச்சுறுத்துவதும் வீட்டுக்குள் அத்துமீறி நுழைவதும் 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றங்கள். பொலிசுக்குப் போக வேண்டியவர் எவர் என்பதைச் சிந்தித்துப் பார்க்கலாம்.

வட்டிக்காரர்களிடத்தில் வழங்கும் ஒரு பழக்கம் இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது. வெற்றுத்தாளில், அல்லது தொகை எழுதாத புரோநோட்டில் கையெழுத்து வாங்குதல்! “நம்பிக்கைக்காகத்தான் அண்ணே, பிறகு எழுதிக்கொள்ளலாம்” என்பார்கள். பணத்தேவையில் நிற்பவருக்கு அந்த நேரத்தில் மறுக்க வாய் வராது. பின்னர் அதில் இருபதாயிரம் எழுதப்படுமா, இரண்டு இலட்சம் எழுதப்படுமா என்பது எழுதுபவரின் மனத்தைப் பொறுத்தது. பழைய கங்காணியின் கொப்பி மறுபிறவி எடுத்து வந்தாற் போன்றது இது. சட்டம் இதை அறியாததன்று. 1918ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கப் பணக்கடன் கொடுத்தற் சட்டம், தொகையை வெறுமையாக விட்டு நோட்டு வாங்குவதைக் குற்றமாக்கியிருக்கின்றது. உண்மையிற் கொடுத்த முதல் எவ்வளவு, முன்கூட்டியே கழித்த வட்டி எவ்வளவு, வட்டிவீதம் என்ன என்ற மூன்றும் நோட்டிலே தனித்தனியாகக் குறிக்கப்படல் வேண்டும் என்றும் அது சொல்கின்றது. வட்டி அளவுக்கு மிஞ்சியதென்று கண்டால் கணக்கையே மீண்டும் திறந்து பார்க்க நீதிமன்றத்திற்கு அதிகாரமும் உண்டு. இச்சட்டம் நூறாண்டைக் கடந்தும் தோட்டத்து லயங்களை எட்டவில்லை என்பது வருந்தத்தக்கது.

வங்கி அட்டையையும் அதன் இரகசிய எண்ணையும் ஈடாகக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அடையாள அட்டையைக் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவற்றைக் கொடுத்துவிட்டவர், சம்பளம் வந்த செய்தியையே வட்டிக்காரரிடம் கேட்டறிய வேண்டிய நிலைக்கு ஆளாவார்.

கடனைத் தீர்க்கும் வேளைக்கு வருவோம். தீர்க்கும் நாளில்தான் மக்கள் கவலையற்று இருந்துவிடுகிறார்கள். ‘அப்பாடா’ என்று பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். நோட்டு கடன் கொடுத்தவரின் பெட்டியிலேயே கிடக்கும். இரண்டு ஆண்டு கழித்து அவர் இறந்துபோனால், மகன் பெட்டியைத் திறந்து பார்ப்பான். நோட்டைக் காண்பான், கட்டிய செய்தியை அறியான். அவன்மேல் குற்றம் சொல்ல முடியுமா? எனவே, கடைசிப் பணத்தை ஒரு கையாற் கொடுக்கும்போது நோட்டை மறு கையால் வாங்கிவிட வேண்டும். கிழித்து எறிந்துவிட்டேன் என்று வாயாற் சொன்னால் போதாது. நோட்டு காணாமற் போயிருந்தால், “இன்ன நாளில் வாங்கிய இன்ன கடன் முழுவதும் தீர்ந்தது, நோட்டு கைவசம் இல்லை” என்று எழுதிக் கையொப்பமிட்ட கடிதம் வாங்க வேண்டும். ஊரறிந்த இருவர் சாட்சியாக ஒப்பமிடுவது சிறப்பு.

கம்பனிக் கடனில் சில வேளை, “பாக்கி எண்பதாயிரம், ஐம்பதாயிரம் கட்டினால் முடித்துக்கொள்வோம்” என்று ஒரு பேச்சு வரும். அது நல்ல வாய்ப்பாகவே இருக்கலாம். ஆனால் வாசலில் நின்று பேசும் இளைஞருக்கு அந்தச் சலுகையை அளிக்கும் அதிகாரம் உண்டா என்பதே ஐயம். ஐம்பதாயிரத்தை வாங்கிக்கொண்டு போனபின், “அது பகுதிப் பணந்தான், இன்னும் முப்பதாயிரம் இருக்கிறது” என்று வேறொருவர் வந்து நிற்பார். ஆகையால் பணத்தைக் கட்டுமுன்பே, இத்தொகையை இன்ன தேதிக்குள் செலுத்தினால் கடன் முழுமையாகத் தீர்ந்ததாகக் கொள்ளப்படும் என்ற கடிதத்தைக் கம்பனியின் கடிதத்தாளில், பொறுப்பானவர் கையொப்பத்தோடு பெற வேண்டும். பணத்தை வாசலிற் கொடாமல் கிளை அலுவலகத்திலோ வங்கியிலோ செலுத்துவது உத்தமம். பதுளைக்குப் போய்வரும் பஸ் கட்டணத்தை எண்ணித் தயங்குபவர்கள், பற்றுச்சீட்டில்லாமற் கொடுத்த ஒரு தவணையின் அளவை எண்ணிப் பார்க்கட்டும். தீர்த்தபின், பிணை நின்றவர்கள் விடுவிக்கப்பட்டார்களா, கொடுகடன் தகவல் பணியகத்தின் பதிவில் கடன் தீர்ந்ததென்று காட்டப்படுகிறதா என்பவற்றையும் கேட்டறிய வேண்டும். அந்தப் பதிவு திருத்தப்படாவிட்டால் நாளை மகன் வங்கிக்குப் போகும்போது அம்மாவின் பழைய பிணைக் கையெழுத்து குறுக்கே நிற்கக்கூடும்.

பற்றுச்சீட்டு என்றதும் தோட்டத்து முதியவர்கள் சிலர் முகஞ்சுளிப்பதுண்டு. தோட்டத்தைவிட்டு நீக்கும்போது கொடுத்த தாளையும் அக்காலத்தில் “பத்துச்சீட்டு” என்றே அழைத்தார்கள். பத்துச்சீட்டு வாங்கினான் என்றால் வேலை போயிற்று, லயமும் போயிற்று என்று பொருள். ஒரே சொல் ஒரு காலத்தில் அச்சத்தையும் மற்றொரு காலத்திற் பாதுகாப்பையும் குறிப்பது விந்தைதான்.

மிகப் பழைய கடன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் வழக்குத் தொடரக் காலவரையறை விதித்திருக்கின்றது. கடையிற் பற்றெழுதி வாங்கிய சாமானுக்கு ஓராண்டு, வாய்ப்பேச்சில் வாங்கிய கடனுக்கு மூன்றாண்டு, எழுத்தில் உள்ள கடனுக்கு ஆறாண்டு, அடைமானத்திற்குப் பத்தாண்டு. இந்த எல்லை கடந்துவிட்டதென்பதைக் கடனாளியே நீதிமன்றத்தில் எடுத்துரைக்க வேண்டும். பழைய கடனைத் தேடி வருபவர் சில வேளை, “முழுவதும் வேண்டாம், ஓர் ஐந்நூறு ரூபா தாருங்கள், போதும்” என்றோ, “கடன் இருப்பதை ஒத்துக்கொண்டு ஒரு கையெழுத்துப் போடுங்கள்” என்றோ இரக்கமாகக் கேட்பார். அந்த ஐந்நூறும் அந்தக் கையெழுத்தும் ஓடிக்கொண்டிருந்த காலக் கணக்கைப் புதிதாகத் தொடங்கச் செய்யக்கூடும். இதைச் சொல்வது, நல்ல மனத்தோடு அரிசியும் மாவும் கடன் கொடுத்த கடைக்காரரை ஏமாற்றுவதற்காக அன்று. சட்டம் போனாலும் கடன் போகாது என்று கருதுபவர் அதைக் கட்டிவிடட்டும். ஆனால் தெரிந்து கட்டட்டும்.

பேச்சு முற்றி வழி தெரியாதபோது செல்லத்தக்க இடங்கள் உண்டு. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த மத்தியஸ்த சபைகளைச் சனங்கள் இணக்கசபை என்பார்கள். வார இறுதியில் பெரும்பாலும் ஒரு பாடசாலைக் கட்டடத்திலேயே அவை கூடும். சட்டத்தரணி வைத்து வாதாட அங்கே இடமில்லை. ஆதலால் பணமுள்ளவரும் இல்லாதவரும் ஒரே வாங்கில் அமர்ந்து தாமாகவே பேசவேண்டும். சிறு தவணைகளாகக் கட்டும் ஏற்பாட்டை அங்கே எழுத்தில் முடித்துக்கொள்ளலாம். வழக்கென்று அழைப்பாணை வந்துவிட்டால் அதைக் கூரை இடுக்கிற் செருகி வைத்துவிடலாகாது. குறித்த நாளில் போகாவிட்டால் ஒருதலையாகவே தீர்ப்பாகிவிடும். வக்கீல் வைக்க வசதியற்றவர்களுக்காக 1978இல் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் பதுளையில் உண்டு. அங்கே போகும்போது வெறுங்கையோடு போகாமல், கம்பனிப் புத்தகத்தையும் பற்றுச்சீட்டுக்களையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

அந்தப் பற்றுச்சீட்டுக்களைப் பற்றி ஒன்று. இப்போது அறவிட வருபவர்கள் கையடக்க இயந்திரத்திலிருந்து அச்சிட்டுக் கிழித்துத் தரும் சிறு சீட்டுகளில் எழுத்து நெடுநாள் நிற்பதில்லை. அடுப்பங்கரை வெக்கையில் சில மாதங்களிலேயே தாள் வெள்ளையாகிவிடும். தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த சீட்டுகளை எடுத்துக் கொடுக்கும்போது, அவற்றில் ஒன்றுமே இராது. கடைத்தெருவுக்குப் போகும் நாளில் அவற்றை ஒரு தாளில் வரிசையாக ஒட்டிப் பிரதி எடுத்து, தேதியும் தொகையும் பேனையால் எழுதி, கடன் தீர்ந்தபின்னும் குறைந்தது ஆறு ஆண்டுகளுக்குப் பெட்டியில் வைத்திருப்பது நல்லது.